விளக்கைப் போட்டவன் முதலில் சாவான்

டேங்க் கேம்களில் ராத்திரி என்று பேர் வைத்திருப்பது பெரும்பாலும் நீலச் சாயம் பூசிய பகல்தான். மேலே பெரிசாக ஒரு நிலா, தரை முழுக்க வெள்ளி மினுக்கம், எண்ணூறு மீட்டர் தள்ளி நிற்கிற வண்டியின் டரட் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதி) வரைக்கும் பளிச்சென்று தெரியும். இதில் நைட் விஷனுக்கு என்ன வேலை? வெறும் கண்ணே போதும்.

இதற்காக கேம் செய்கிறவர்களைத் திட்டிப் பயனில்லை, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிஜமாகவே கும்மிருட்டாக ஒரு மேப் செய்து ஆன்லைனில் விட்டால் முதல் நாளே பாதிப் பேர் மானிட்டரின் காமாவை, அதாவது இருண்ட பகுதிகளை வெளுப்பாக்கும் அமைப்பை, ஏற்றிவிடுவார்கள், மீதிப் பேர் கிராபிக்ஸ் கார்டு சாஃப்ட்வேரில் இருக்கும் ஃபில்டரைப் போட்டுக்கொள்வார்கள், நேர்மையாக விளையாடுகிற நாலு பேர் மட்டும் இருட்டில் தடவிக்கொண்டிருப்பார்கள். திரையில் இருட்டு என்பது சின்னச் சின்ன எண்கள்தான், அந்த எண்களைப் பெருக்கினால் வெளிச்சம் வந்துவிடும். அதனால்தான் பல பேர் சேர்ந்து ஆடும் கேம்களில் நிஜ இருட்டைப் பார்ப்பது அரிதாக இருக்கிறது.

'வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்' விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அங்கே எதிரி திரையில் தெரியலாமா கூடாதா என்று முடிவு செய்வது சர்வர். உங்கள் வண்டியின் பார்வை தூரம், அவன் வண்டியின் மறைப்பு, நடுவில் புதர் இருக்கிறதா, அவன் இப்போதுதான் சுட்டானா, எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, சரி தெரியட்டும் என்று சர்வர் சொன்ன பிறகுதான் வண்டி திரையில் முளைக்கும். 445 மீட்டருக்கு மேல் நீங்களாக ஒருவனையும் கண்டுபிடிக்க முடியாது. அப்படியென்றால் காமாவை எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஏமாற்ற முடியாத இரவுப் போர் நடத்த இதைவிடத் தோதான ஏற்பாடு எங்கே கிடைக்கும்? எல்லோருடைய பார்வை தூரத்தையும் பாதியாக்கு, சுட்டவன் மட்டும் கொஞ்ச நேரம் தூரத்திலிருந்தே தெரியட்டும், அவ்வளவுதான். ஆனால் வழக்கமான ஆட்டமெல்லாம் பகலில்தான் நடக்கிறது. ஹாலோவீனுக்கு வந்த 'மிர்னி-13' மாதிரியான ஸ்பெஷல் மோடுகளில்தான் இருட்டு எட்டிப் பார்த்தது, அதுவும் பேய்க்கதைக்காக.

'வார் தண்டர்' வேறு ரகம். எந்த வண்டிக்கு நிஜத்தில் என்ன கருவி இருந்ததோ அதைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். 2019-இல் நைட் விஷனும், சூட்டையே படமாகக் காட்டும் தெர்மலும் உள்ளே வந்தன. பழைய சோவியத் வண்டிகளுக்கு இன்ஃப்ரா ரெட் விளக்கு, கொஞ்சம் பிந்தியவற்றுக்கு நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் கருவி, அதற்கும் மேலே போனால் தெர்மல். தெர்மலிலும் பழையதென்றால் கட்டம் கட்டமாக, கலங்கலாகத் தெரியும், புதியதென்றால் தெளிவாக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் தெர்மல் அதிகமாக வேலை செய்வது பட்டப்பகலில். இரவு ஆட்டம் எப்போதாவதுதான் வரும், தெர்மலோ வண்டியிலேயே இருக்கிறது, ஆகவே உச்சி வெயிலில் அதைப் போட்டு எதிர் மேட்டை ஒரு தடவை இடமிருந்து வலமாகப் பார்த்தால் புதருக்குள் பதுங்கியிருப்பவன் எல்லாம் வெள்ளைப் பொட்டாக வந்து நிற்பான். வண்டி மேலே செடி கொடி ஒட்டி அலங்காரம் செய்தவன் நிலைமை பரிதாபம்.

அதே மேப்பில் ராத்திரி வந்தால் இன்னும் மோசம், அதாவது தெர்மல் இருப்பவனுக்கு இன்னும் சுலபம். கறுப்புத் திரையில் வெள்ளை உருவம், பார், சுடு, அடுத்தது பார், சுடு. பகலிலாவது மரம், நிழல், புகை, வீட்டுச் சுவர் என்று கண்ணைக் குழப்ப ஏதாவது இருக்கும். நல்ல தெர்மல் வந்த பிறகு ராத்திரி என்பது பகலைவிட எளிதான பகல் ஆகிவிடுகிறது, இரண்டு பக்கமும் அது இருந்தால் இருட்டு வெறும் பின்னணிப் படம்.

அதனால் என் கட்சி இது: டேங்க் கேமில் இரவுப் போர் ருசிக்க வேண்டுமென்றால் 1950-களிலிருந்து 1980-களின் நடு வரைக்குமான வண்டிகளை எடுக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. அந்த விலை உங்கள் ஒளிவிடம்.

அந்தக் கால 'ஆக்டிவ்' இன்ஃப்ரா ரெட் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஒரு பெரிய சர்ச்லைட் இருக்கும், முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு ஃபில்டர். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஃபில்டர் தடுத்துவிடும், அகச்சிவப்பு மட்டும் வெளியே போகும். அது எதிரி மேல் பட்டுத் திரும்பி வருவதை கன்னரின் (பீரங்கியைக் குறிபார்த்துச் சுடுபவர்) நைட் சைட்டில், அதாவது இரவில் குறிபார்க்கும் கருவியில், இருக்கும் ஒரு குழாய் பச்சை நிறப் படமாக மாற்றிக் காட்டும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்திலேயே ஜெர்மானியர்கள் பாந்தர் டேங்கின் கமாண்டர் இடத்தில் 200 மில்லிமீட்டர் விளக்கோடு இதைப் பொருத்திப் பார்த்தார்கள், அதில் ஏறக்குறைய 600 மீட்டர் தெரியும். அது போதாதென்று 60 சென்டிமீட்டர் விளக்கை ஒரு அரைச்சங்கிலி வண்டியில் ஏற்றி, அதைத் தனியாகக் கூடவே ஓட்டிக்கொண்டு போகும் திட்டமும் இருந்தது. 'ஊஹு' என்று அதற்குப் பெயர், ஆந்தை. போர் முடிந்த பிறகு இந்த வித்தையை மொத்தமாக எல்லா டேங்குகளுக்கும் கொண்டு போனவர்கள் சோவியத்காரர்கள். டி-55-ஐப் பார்த்திருந்தால் பீரங்கிக் குழாய்க்கு வலது பக்கம் ஒரு உருண்டை விளக்கு இருக்குமே, அதுதான் 'லூனா'. நிலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிரச்சினை என்னவென்றால், அந்த விளக்கு உங்களுக்கு மட்டும் எரிவதில்லை. இன்ஃப்ரா ரெட் பார்க்கிற கருவி கையில் இருக்கும் எவனுக்கும் அது கலங்கரை விளக்கம். உங்களுக்கு எண்ணூறு மீட்டர்தான் தெரியும், அவனுக்கோ உங்கள் விளக்கு அதைவிடப் பல மடங்கு தூரத்திலிருந்து தெரியும், அவன் தன் விளக்கைப் போட வேண்டிய அவசியமே இல்லை. கரண்ட் போன ராத்திரியில் கையில் டார்ச் பிடித்துக்கொண்டு கண்ணாமூச்சி ஆடுவது மாதிரி.

'வார் தண்டரில்' இந்தக் காலத்து வண்டிகள் மோதும் இரவு ஆட்டம் கிடைத்தால் நான் விடவே மாட்டேன். கூட விளையாடும் பையன் ஒருவன் இருக்கிறான், பகல் ஆட்டத்தில் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன், கை அவ்வளவு வேகம். ராத்திரி வந்தால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது.

"மச்சி, ஒண்ணுமே தெரியலடா, லைட்டப் போடப் போறேன்."

"போடாத, போடாதடா. ரெண்டு நிமிஷம் சும்மா நில்லு."

"சும்மா நிக்கவா கேம் ஓபன் பண்ணேன்?"

போட்டுவிடுவான். பச்சைத் திரையில் அவன் இருக்கும் திசையிலிருந்து ஒரு ஒளிக்கற்றை கிளம்பி வயல் முழுக்கப் பரவும், எனக்கே கண் கூசும். அடுத்து எதிர்ப் பக்கக் களஞ்சியத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மின்னல். அவன் வண்டி பற்றி எரியும். ஆனால் சுட்டவன் இருக்கும் இடம் இப்போது எனக்குத் தெரியும், அவன் அடுத்த குண்டை ஏற்றுவதற்குள் நான் சுட்டுவிடுவேன். அவனைத் தூண்டில் புழுவாக வைத்துத்தான் நான் பாயின்ட் சேர்க்கிறேன் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை, இதைப் படித்தால் உறைக்கலாம்.

இதையெல்லாம் இன்னும் நிதானமாக அனுபவிக்க 'கன்னர், ஹீட், பிசி!' என்று ஒரு கேம் இருக்கிறது. 2022-இல் ஸ்டீமில் ஏர்லி ஆக்சஸாக, அதாவது முழுதாக முடியும் முன்பே, வந்தது, ராடியன் சிமுலேஷன்ஸ் என்கிற சின்னக் குழு செய்வது. 1980-களின் ஜெர்மனி, பனிப்போர் சூடான போர் ஆகிவிட்டதாகக் கற்பனை. ஒரே ஒரு வண்டி, அதன் சைட்டுகள், அதன் குறைகள், அவ்வளவுதான் உங்கள் உலகம். எதிரே இருப்பது கம்ப்யூட்டர் என்பதால் காமா வழக்கெல்லாம் கிடையாது, இருட்டை இருட்டாகவே விட்டிருக்கிறார்கள்.

அதில் கிழக்கு ஜெர்மனி பக்கம் போய் டி-55ஏ எடுத்து ஒரு இரவு மிஷன் ஆடிப் பாருங்கள். நைட் சைட்டுக்கு மாறியதும் ஒரு பச்சை வட்டம், ஐந்தரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும், ஆறு டிகிரி அகலம்தான் தெரியும். ஆறு டிகிரி என்றால் சாவித் துவாரம். விளக்கு பீரங்கியோடு இணைந்தே திரும்பும், ஆகையால் நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கே மட்டும்தான் வெளிச்சம். புல் தரை பச்சையாகப் பளபளக்கும், நானூறு மீட்டரில் ஒரு வேலி, அதற்குப் பின்னால் மரத்தின் கீழ்ப்பகுதி, அதற்கும் பின்னால் மை. அந்த மைக்குள் ஏதோ நகர்ந்த மாதிரி இருக்கும், புகையா வண்டியா என்று தெரியாது, உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம், வட்டத்துக்கு வெளியே, ஒரு வெளிச்சம் வெட்டும். நிமிர்ந்து கமாண்டர் பார்வைக்கு மாறினால் பக்கத்தில் வந்துகொண்டிருந்த உங்கள் தோழனின் டரட் எரிந்துகொண்டிருக்கும். சுட்டவன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பான். உங்களால் அவனைப் பார்க்கவே முடியாது.

அந்தச் சுட்டவன் பெரும்பாலும் எம்60ஏ3 டிடிஎஸ்ஸாக இருப்பான், தெர்மல் சைட் பொருத்திய அமெரிக்க டேங்க். இந்த வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் உயரமான, உருண்டு திரண்ட பழைய பேட்டன் டேங்க், பக்கத்தில் எம்1 ஏப்ராம்ஸ் நின்றால் தாத்தா மாதிரி இருக்கும். ஆனால் 1979 வாக்கில் அதில் பொருத்திய தெர்மல் சைட் இருக்கிறதே, அது ஆரம்பகால ஏப்ராம்ஸில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது என்று இரண்டிலும் வேலை பார்த்த அமெரிக்க டேங்க் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். கேமிலும் அந்த வித்தியாசம் தெரிகிறது. பகலில் எனக்கு ஏப்ராம்ஸ் போதும், கவசம் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. ராத்திரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எம்60ஏ3-ஐ எடுப்பேன்.

சோவியத் டி-72-க்கு வருவோம். இதில் முதன்மை சைட்டும் நைட் சைட்டும் தனித்தனி, நைட் சைட் இடது பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருக்கும். தூரம் அளக்கும் கருவி எல்லாம் முதன்மை சைட்டில்தான், நைட் சைட்டில் கோடுகளை வைத்து நீங்களாகத்தான் தூரத்தைக் குத்துமதிப்பாகப் போட வேண்டும். அதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. நைட் சைட் பீரங்கியோடு கட்டிப் போட்டது, பீரங்கி ஏறினால் சைட்டும் ஏறும். டி-72-இல் ஆள் இல்லாமல் தானாகக் குண்டு போடும் ஆட்டோலோடர், குண்டு ஏற்றும்போது பீரங்கியைச் சில டிகிரி மேலே தூக்கி நிறுத்திக்கொள்ளும். அதாவது ஒரு தடவை சுட்ட உடனே, பட்டதா படவில்லையா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், உங்கள் பார்வை தானாக வானத்துக்குப் போய்விடும். ஏழெட்டு வினாடி இருட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பக் கீழே வந்தால் எதிரி அங்கே இருக்க மாட்டான். பகலில் இந்தத் தொந்தரவு கிடையாது, முதன்மை சைட் தன் பாட்டுக்கு இலக்கிலேயே நிற்கும்.

இதே டி-72 வகைதான் நம் ஆவடி தொழிற்சாலையில் 'அஜேயா' என்று உருவானது என்பதால் எனக்கு இதில் கூடுதல் அக்கறை. இந்திய ராணுவத்தின் டி-72-களுக்கு ராத்திரியில் பார்வை போதவில்லை, தெர்மல் வேண்டும் என்று பத்திரிகைகள் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தன. அப்போது ஏதோ நிர்வாகச் செய்தி என்று கடந்து போயிருக்கிறேன், அந்தப் பச்சை வட்டத்துக்குள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் என்ன கேட்டார்கள் என்று புரிந்தது.

ஆக்டிவ் இன்ஃப்ரா ரெட் எப்போதும் தோற்கும் என்றும் சொல்ல முடியாது. எதிராளியிடம் எதுவுமே இல்லையென்றால் அதுதான் ராஜா. 1973 அக்டோபர் 6-ஆம் தேதி இரவு கோலான் மேட்டில் நடந்தது அதுதான். சிரியாவின் டி-55, டி-62 டேங்குகளில் நைட் சைட் இருந்தது, எதிரே நின்ற இஸ்ரேலின் செஞ்சூரியன்களில் அந்த மாதிரி ஏற்பாடு இல்லை. வெளிச்சக் குண்டுகளை நம்ப வேண்டிய நிலை, அதுவும் போதுமான அளவு கிடையாது. கமாண்டர்களிடம் இருந்த சில இன்ஃப்ரா ரெட் பைனாகுலர்களில் சிரிய விளக்குகள் தெரிந்தன, யாரோ தன் மேல் வெளிச்சம் அடிக்கிறான் என்று தெரியும், திருப்பிச் சுட பைனாகுலரில் பீரங்கி இல்லையே. மிக நெருக்கத்தில், சில சமயம் எஞ்சின் சத்தத்தை வைத்தே சண்டை போட்டார்கள். நான்கு நாள் சண்டைக்கு அப்புறம் சண்டை நடந்த பள்ளத்தாக்குக்குக் கண்ணீர்ப் பள்ளத்தாக்கு என்றே பெயர் வந்துவிட்டது.

சத்தம் என்றதும் ஒன்று. இரவு ஆட்டத்துக்கு நல்ல ஹெட்ஃபோன் நல்ல மானிட்டரைவிட முக்கியம். ஏப்ராம்ஸின் டர்பைன் விசில் மாதிரி கீச்சிடும், டீசல் வண்டி உறுமும், சங்கிலிப் பட்டை கல்லில் ஏறினால் தனி ஓசை. எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தால் எந்தப் பக்கம் திரும்பிச் சுட வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, எரிகிற வண்டி. முதல் வண்டி பற்றிக்கொண்ட நிமிடத்திலிருந்து அந்த இடத்தில் ராத்திரி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீக்கும் உங்களுக்கும் நடுவில் எவன் கடந்து போனாலும் நிழலுருவமாகத் தெரிவான், எந்த சைட்டும் தேவையில்லை. அதனால் எரிகிற வண்டியைத் தாண்டிப் போகவே கூடாது, அதன் ஓரமாக இருட்டில் நின்று அடுத்தவன் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் எதிரிகள் வரிசையாக வந்து மாட்டுவார்கள். மனிதர்களும் வருவார்கள், இரண்டு பேருக்கு மேல் வர மாட்டார்கள்.

சரி, தெர்மல் வந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்று மேலே ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன், அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தெர்மல் எல்லாவற்றையும் காட்டும், யார் என்று மட்டும் சொல்லாது. 1991 பிப்ரவரி 26, ஈராக் பாலைவனம், '73 ஈஸ்டிங்' என்கிற இடத்தில் மணல் புயலுக்குள் அமெரிக்க ஏப்ராம்ஸ்களும் பிராட்லி கவச வண்டிகளும் தெர்மலில் ஈராக்கிய டி-72-களைப் பார்த்துப் பார்த்துச் சுட்டார்கள். கேப்டன் மெக்மாஸ்டர் தலைமையிலான ஈகிள் ட்ரூப் என்கிற படைப்பிரிவின் முக்கியச் சண்டை 23 நிமிடத்தில் முடிந்தது. கதையை எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ராத்திரி அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே, 'நார்ஃபோக்' என்று பெயரிட்ட இடத்தில், எரியும் வண்டிகளுக்கு நடுவே அமெரிக்கர்கள் தங்கள் வண்டிகளையே சுட்டுக்கொண்டார்கள். அந்தப் போர் முழுவதிலும் 35 அமெரிக்க வீரர்கள் தம் படையின் குண்டுக்கே பலியானார்கள். வெள்ளைப் பொட்டுக்கு யூனிஃபார்ம் கிடையாது. பிற்பாடு வண்டிகளின் பக்கவாட்டில் ஒரு தகடு மாட்டினார்கள், தெர்மலில் அது குளிர்ந்த கறுப்புச் சதுரமாகத் தெரியும், நம்மாள் என்று அடையாளம்.

பெரும்பாலான கேம்களில் நண்பன் தலைக்கு மேல் நீலப் பெயர் மிதக்கிறது, அதனால் இந்தப் பயம் வருவதே இல்லை. அந்தப் பெயரை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள், தெர்மல் திடீரென்று கஷ்டமாகிவிடும். உருவத்தில் எங்கே சூடு என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். டி-55, டி-62, டி-72 மூன்றுக்கும் புகைபோக்கி இடது பக்கப் பின்பகுதியில் இருக்கிறது, அங்கே தனியாக ஒரு வெள்ளைக் கறை. டி-80-க்கும் ஏப்ராம்ஸுக்கும் டர்பைன் சூடு பின்னால் கொட்டும், முன்பக்கமிருந்து பார்த்தால் அதிகம் தெரியாது, திரும்பினால் கண்ணைப் பறிக்கும். வீரர்களை ஏற்றிப் போகும் பிஎம்பி-1 கவச வண்டிக்கு வலது பக்க மேல்தளத்தில். ரொம்ப நேரம் ஓடி வந்தவனுக்குச் சக்கரமும் சங்கிலியும் வெள்ளையாக இருக்கும், மணிக்கணக்காக நிற்பவனுக்கு மங்கல். குழாய் மட்டும் வெள்ளையாக இருந்தால் அவன் சற்று முன்னால் சுட்டிருக்கிறான், யாரை என்று யோசியுங்கள். 'ஸ்டீல் பீஸ்ட்ஸ்' ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். 2000-இல் வந்த கேம், அதன் 'ப்ரோ' வடிவத்தை டென்மார்க், சுவீடன் மாதிரி நாடுகளின் ராணுவங்கள் பயிற்சிக்கே வைத்திருக்கின்றன. பார்க்க வறட்டுத்தனமாக இருக்கும், கிராபிக்ஸ் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியாது, ஆனால் தெர்மலில் ஒரு வண்டியை அடையாளம் காணும் அந்தத் தயக்கத்தை அது தரும் மாதிரி வேறெதுவும் எனக்குத் தந்ததில்லை.

தெர்மலுக்கும் சில நேரங்களில் கண் மங்கும். விடியற்காலையிலும் அந்தியிலும் மண்ணின் சூடும் இரும்பின் சூடும் ஒன்றை ஒன்று கடக்கும் கொஞ்ச நேரம் இருக்கிறது, அப்போது நின்றுபோன வண்டி பின்னணியோடு கரைந்துவிடும். இதை ஒழுங்காகச் செய்கிற கேமுக்கு நான் காசு கொடுக்கத் தயார்.

இருட்டுக்காகவே ஆட வேண்டுமென்றால் 'ஆர்மா 3'. அதில் மிஷன் எந்தத் தேதி என்று போடுகிறோமோ அதற்கேற்ற பிறை வானத்தில் வரும். அமாவாசை பார்த்துத் தேதி வைத்தால் முன்னால் நிற்கிற சொந்த வண்டியே தெரியாது, பௌர்ணமி வைத்தால் நைட் விஷனைக் கழற்றிவிட்டே ஓட்டலாம். மோர்ட்டாரில் வெளிச்சக் குண்டு போட்டால் அது தொங்கிக்கொண்டே இறங்கும்போது மர நிழலெல்லாம் தரையில் நகரும், எந்த நிழல் மரம், எந்த நிழல் வண்டி என்று தலை சுற்றும். அறையில் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஆடுங்கள், கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை பிடிக்கும். நடுவில் யாராவது கதவைத் திறந்து "இப்படி இருட்டுல உக்காந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்" என்று சுவிட்சைத் தட்டினால் திரும்ப முதலிலிருந்து.

அதில் நான் செய்துகொண்டிருக்கும் மிஷன் லோங்கேவாலா. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி ராத்திரி, ராஜஸ்தான் எல்லை. பௌர்ணமி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, ஆகவே நிலவு நிஜமாகவே உண்டு, இந்த ஒரு மிஷனில் நீலம் பூசியதற்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பாகிஸ்தான் பக்கம் டி-59-களும் ஷெர்மன்களும், இந்தியப் பக்கம் 23 பஞ்சாப் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், ஒரு ஜீப்பில் 106 மில்லிமீட்டர் பீரங்கி, மோர்ட்டார். டேங்க் ஒன்றுகூடக் கிடையாது. முள்கம்பியைப் பார்த்துக் கண்ணிவெடி என்று நினைத்து வந்தவர்கள் நின்றார்கள், அடிபட்ட டேங்குகளின் டீசல் எரிந்து அந்த இடமே வெளிச்சமானது. ஜெய்சால்மரிலிருந்த ஹன்டர் விமானங்களால் ராத்திரியில் பறந்து தாக்க முடியாது, விடிந்த பிறகுதான் வந்தன. ஆகவே ஆட்டக்காரனின் வேலை ஜெயிப்பது இல்லை, விடியும் வரை தாக்குப் பிடிப்பது. மணலில் டேங்க் புதைவதை மட்டும் இன்னும் ஒழுங்காக வரவழைக்க முடியவில்லை, ஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கை கொடுங்கள். ஹன்டர்கள் வரும் நேரத்தை நான் தானாக ஓடும்படி வைக்கவில்லை, கிழக்கே வானம் எப்போது வெளுக்கிறதோ அப்போதுதான் வரும்.